நாலு புள்ளியால் ஒரு பிள்ளை மக்கா?

மனசுல பட்டதை எழுதுறன், யாரும் கோவிக்க வேணாம்.

புலமைப்பரிசில் பெறுபேறு வந்த நாள் தொட்டு சந்தியெல்லாம் பெனர். சித்தியடைஞ்ச பிள்ளைகள வாழ்த்துங்க, மாஷா அல்லாஹ். ஆனா நாலு புள்ளியால தவறின பிள்ளையும் அதே சந்தியால தான் ஸ்கூலுக்கு வருது.

என்ட வகுப்புல அப்படி ஒருத்தர். முந்தி கேள்வி முடிய முன்னமே கை தூக்குவார். இப்ப விடைய எழுதி, என்ட முகத்தப் பார்த்து, அழிச்சிடுறார். அழிச்சது சரியான விடை!

"ஏன் மகன் அழிச்சீங்க?"

"நான் மக்கு தானே ஸேர். வாப்பாவும் சொன்னாங்க."

வாப்பாவ மட்டும் குறை சொல்லேலா. மாதிரி வினாத்தாள் அடுக்கி அடுக்கிக் குடுத்தது நாங்களும்தான்.

வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேற. வெட்டு குறைஞ்ச மாவட்டத்துல இருந்திருந்தா இதே புள்ளிக்கு இவர் சித்தி, இவருக்கும் பெனர். அப்ப மாவட்டம் மாறினா பிள்ளைட மூளையும் மாறுமா? ஏழைப் பிள்ளை நல்ல ஸ்கூலுக்குப் போக, உதவிப்பணம் எடுக்க வந்த பரீட்சை இது. பத்து வயசுப் பிள்ளைய மக்கெண்டு முத்திரை குத்த வந்ததில்ல.

நேற்று ஒரு கணக்க அழிக்காம வெச்சிருந்தார். விடை பிழை, வழி சரி. எப்படிச் செஞ்சதெண்டு கரும்பலகைக்கு வந்து விளக்கினார்.

அடுத்த வருஷ பெனருக்குக் காசு சேர்க்கிறவங்க என்னட்ட வராதீங்க.