சொட்டும் நஞ்சுக்குப் பொறுப்பாளி யார்?

அண்மையில் உயிலங்குளத்தில் நடைபெற்ற கூட்டமொன்று முடிந்து நாம் புறப்படும் வேளையில், முதிய கமக்காரர் ஒருவர் தமது மகனுடன் எம்மிடம் வந்தார். "ஐயா, இவன் சிகரெட்டை விடப்போகிறானாம். அதற்குப் பதிலாக மின்சிகரெட்டு வேண்டக் காசு கேட்கிறான். நெல் விற்ற காசு கையில் இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவனுக்கு எந்தச் சாமான் நல்லது? சட்டம் இடங்கொடுக்குமா?" என்று கேட்டார். மகனோ, மருந்துநீரை நேரே சொட்டுவிட்டு இழுக்கும் வகைதான் வேண்டுமென்றான்.

கேள்வி ஒரு குடும்பத்துடையது. மறுமொழியோ நாட்டுக்கு உரியது. ஆதலால் இப்பத்திரிகை வாயிலாகவே மறுமொழி கூறுகிறோம்.

கருவியைக் கூண்டில் ஏற்றுவோம்!

நீதிமன்றத்திலே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல, இக்கருவியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக விசாரிப்போம். சொட்டுமுறைக்கு வேண்டியவை நான்கே: பற்றரி, கம்பிச் சுருளும் பஞ்சுத்திரியும் கொண்ட சிறு கிண்ணம், வாயில் வைக்கும் குழல், நிக்கொற்றின் கலந்த திரவப் போத்தல். திரியின்மேல் சில சொட்டுகள் விட்டு, சுருளைச் சூடேற்றி, எழும் ஆவியை உறிஞ்சவேண்டும். சில இழுப்புகளில் திரி உலர்ந்துவிடும், மீண்டும் சொட்டவேண்டும்.

முதற் சாட்சி பற்றரி. முழுதாக மின்னேற்றிய இலித்தியம் பற்றரியின் அழுத்தம் 4.2 வோல்ற்று. 2 ஓம் தடையுள்ள சுருளைப் பொருத்தினால் பாயும் மின்னோட்டம் 2.1 அம்பியர். பெரும்புகைக்கு ஆசைப்பட்டு 0.2 ஓம் சுருளைப் பொருத்தினால் அதுவே 21 அம்பியர் ஆகிவிடும்! இந்தக் கணக்கைச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவனும் செய்வான். ஆனால் அந்தப் பற்றரி எத்தனை அம்பியர் தாங்கும் என்பதை யார் சொல்வது? மேலுறையை மாற்றிப் பொய்யான அளவு அச்சிட்ட பற்றரிகள் உலகச் சந்தையில் உலவுகின்றன. பாதுகாப்புச் சுற்று எதுவுமில்லாத வெறும் உலோகக் குழாய்க் கருவிகளும் உலவுகின்றன. அமெரிக்காவில் 2018 ஆம் ஆண்டு புளோரிடாவிலும், 2019 ஆம் ஆண்டு ரெக்சாசிலும் மின்சிகரெட்டு வெடித்து இருவர் மாண்டனர். சோதனைக்கூடங்கள் நிறைந்த நாட்டிலேயே இக்கதி!

இரண்டாவது சாட்சி சுருள். திரி உலர உலரச் சூடு ஏறும். சூடு ஏறினால் திரவத்திலுள்ள கிளைக்கோலும் கிளிசரினும் சிதைந்து போமல்டிகைட்டு என்னும் நச்சுப்பொருள் பிறக்கும். பிணத்தைக் கெடாமல் வைக்கும் போமலின், இப்பொருளை நீரிற் கரைத்ததுதான். நேரே சொட்டுவிடும் முறையில் இது மிகுதியாக வெளிப்படுகிறது என்பதைப் பெய்றூத் நகரின் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். அவர்களது கட்டுரை 2016 இல் அச்சேறியது.

மூன்றாவது சாட்சி திரவம். கமக்காரர்களே, புகையிலைக் கஷாயம் தெளித்தால் அசுவினிப் பூச்சி சாவதேன்? அதிலுள்ள நிக்கொற்றினாலன்றோ! ஈரமான பச்சைப் புகையிலையைப் பறிப்பவர்களுக்குத் தலை சுற்றலும் வாந்தியும் வருவதேன்? தோல் வழியே அந்த நஞ்சு உட்புகுவதாலன்றோ! ஒரு சிகரெட்டினால் உடலிற் சேரும் நிக்கொற்றின் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிகிராம். மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் கொண்ட 30 மில்லிலீற்றர்ப் போத்தலிலோ 600 மில்லிகிராம் உண்டு. பழக்கமில்லாத கை சொட்டும்போது விரலிலும் சிந்தும். மூடியைத் திறந்து வைத்தால் பழவாசனை வீசும். அந்த வீட்டிலே தவழும் குழந்தை ஒன்று இருந்தால்?

இங்கிலாந்தைக் காட்டுகிறார்கள்!

"இங்கிலாந்து அரசாங்கமே சிகரெட்டை விட இது தீங்கு குறைந்தது என்று சொல்லவில்லையா?" என்று கேட்பார்கள் வணிகர்கள். ஆம், சொன்னது. புகைப்பவன் அதை விட்டு முழுதாக இதற்கு மாறினால் தீங்கு குறையும் என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் கூறியதை நாம் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த நாடு 2016 இல் விதித்த நிபந்தனைகள் எவை? திரவப் போத்தல் 10 மில்லிலீற்றரைத் தாண்டலாகாது. நிக்கொற்றின் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டலாகாது. குழந்தை திறக்க முடியாத மூடி வேண்டும். எச்சரிக்கை வாசகம் வேண்டும். ஒருமுறை பாவித்து எறியும் கருவிகளை 2025 யூன் முதலாந் திகதியிலிருந்து அந்நாடு அடியோடு தடைசெய்தது. எம்மிடம் வருகிறவர்கள் இங்கிலாந்தின் அனுமதியை மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனையைக் கடலில் எறிந்துவிட்டு வருகிறார்கள்!

சொல்லிலே ஓட்டை

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபையை நிறுவியது. 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள் விற்பதைக் குற்றமாக்கியது. அச்சட்டத்தின் கீழ் 2016 இல் வந்த ஒழுங்குவிதிகள் மின்சிகரெட்டைத் தடைசெய்தன. ஆனால் எந்த மின்சிகரெட்டை? "புகையிலை அடங்கிய" மின்சிகரெட்டை!

அந்தப் போத்தலில் புகையிலை இல்லை, நிக்கொற்றின் இருக்கிறது. சில போத்தல்களில் இருப்பதோ புகையிலைச் செடியையே காணாத, ஆய்வுகூடத்திற் செய்த நிக்கொற்றின். தண்டனைச் சட்டத்தின் சொல்லைக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குப் பாதகமாக இழுத்து நீட்டலாகாது என்பது சட்டம் பயில்வோர் யாவரும் அறிந்த பாலபாடம். நாளை ஒரு வணிகன் இந்த வாதத்தோடு நீதிமன்றம் ஏறினால் வழக்குரைஞருக்குப் பஞ்சமா? சிகரெட் பெட்டியின் எச்சரிக்கைப் படத்துக்கே வழக்காடிய நாடு இது. 2012 இல் விதித்த 80 வீத அளவு வழக்கிற் குறுகி, 2015 இல் சட்டத்தையே திருத்திய பின்னரன்றோ நிலைபெற்றது!

பிற நாட்டார் இந்த ஓட்டையை எப்படி அடைத்தனர்? பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியா 2019 இல் இயற்றிய சட்டம், நிக்கொற்றின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆவி எழுப்பி உறிஞ்சும் கருவி யாவும் மின்சிகரெட்டே என்றது. அமெரிக்கக் காங்கிரசு 2022 இல், எம்மூலத்திலிருந்து வந்த நிக்கொற்றினும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதே என்று திருத்தியது. இரண்டிலும் ஓட்டையை அடைத்தது வரையறையின் ஒரு வரிதான்! அந்த ஒரு வரியை எழுத எமது பாராளுமன்றத்திலே பேனா இல்லையா?

நாம் கோருவது

அரைகுறைத் தடையே தடைகளுள் மிகக் கொடியது. அது பொருளையும் நிறுத்தாது. பொருளின் தரத்தையும் காவாது. எழுத்திலே "இல்லை" என்று சொல்லப்பட்ட பொருளுக்குத் தரச்சோதனை ஏது? தமிழிலே எச்சரிக்கை ஏது? வெடித்தால் வழக்கிட ஒரு விலாசம்தான் ஏது? பிறமொழி விளங்காத கமக்காரரின் வீட்டிலேதான் அந்த நஞ்சு வந்து குந்துகிறது.

ஆதலால் நாம் கோருகிறோம்: நிக்கொற்றின் என்ற பெயரையே சட்டத்தில் எழுதுக. தண்டனையை இறக்குமதியாளன் மீதும் விற்பவன் மீதும் வைக்குக. பழக்கத்துக்கு அடிமையான இளைஞனைச் சிறையில் தள்ளாதீர். தமிழ் பேசும் மாவட்டங்களிலே தமிழிலேயே எச்சரிக்கை செய்க. சிகரெட்டைக் கைவிட உதவும் நிக்கொற்றின் மெல்லுபசையும் ஒட்டும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2009 முதல் உள்ளன. அவை மன்னாரின் அரசாங்க வைத்தியசாலைகள் எல்லாவற்றிலும் ஏழைக்கும் எளிதிற் கிடைக்கச் செய்க.

உயிலங்குளத்துப் பெரியவரே! எந்தச் சாமான் நல்லது என்று கேட்டீர்கள். பொறுப்பாளி இல்லாத சாமான் எதுவும் நல்லதன்று. அந்த நெற்காசை மடியிலேயே முடிந்து வையுங்கள். தம்பி, சிகரெட்டை விடத் துணிந்த உன் மனம் பெரிது. அந்தத் துணிவைச் சொட்டுச் சொட்டாக விற்றுவிடாதே. வைத்தியரிடம் போ. சட்டத்தின் ஓட்டையை அடைக்கும் வேலையை எம்மிடம் விடு. அதற்கான மனுவிலே முதற் கையொப்பம் உன்னுடையதாக இருக்கட்டும்!