மண்ணறிந்து வித்திடல்

பொற்கொல்லர் பொன்னை உருக்குங்கால் அதனோடு வெங்காரம் சேர்ப்பதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். அவ்வெங்காரத்தில் அடங்கிய மூலப்பொருள் போரன் எனப்படும். அது பயிர்வாழ்வுக்கு இன்றியமையாதது என்பதை, இங்கிலாந்து தேசத்து ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் காதரின் வாரிங்டன் அம்மையார் 1923-ஆம் ஆண்டில் அவரையினச் செடியொன்றைக் கொண்டு நிறுவினார். ஆயினும் பயிர் வேண்டும் அளவு மிகச் சிறிது. குறைந்தால் நிலக்கடலைப் பருப்பின் நடுவே குழி விழும்; மிகுந்தால் முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் பழுத்துக் கருகும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

இவ்வுண்மை தருமபுரி மாவட்டத்தாருக்குப் புதிதன்று. நிலத்தடி நீரில் மிகுந்திருந்த புளோரைடு இங்குள்ள மக்களின் பற்களையும் எலும்புகளையும் கெடுத்தமையாலன்றோ ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பெற்று, 2013-இல் தொடங்கி வைக்கப்பெற்றது? குடிப்பதற்குக் காவிரி நீர் வந்தது. பயிர்களிற் பெரும்பகுதியோ மழையையும் கிணற்றையும் ஆழ்குழாய்க் கிணற்றையுமே நம்பி நிற்கின்றன. மழை குறைந்த நாட்டில் பாய்ச்சிய நீர் ஆவியாய்ப் போக, அதிற் கரைந்திருந்த உப்புகள் மண்ணிலேயே தங்கும். நீரில் போரன் இருப்பின் அதுவும் அவ்வாறே தங்கும்.

இந்நிலையில் எல்லாப் பயிரும் ஒருபடித்தாக வருந்துவதில்லை. ஒரு லிட்டர் பாசன நீரில் அரை மில்லிகிராம் போரன் இருப்பினும் எலுமிச்சை துன்புறும். பருத்தியோ ஆறு மில்லிகிராமையும் பொறுக்கும். பயிருக்குப் பயிர் மட்டுமன்று, ஒரே பயிரின் வகைக்கு வகையும் இவ்வேற்றுமை உண்டு. தென் ஆஸ்திரேலியாவில் போரன் மிகுந்த நிலங்களில் வாற்கோதுமை விளைச்சல் குன்றிய காரணம் 1980-களில் தெளிவாயிற்று. அந்நஞ்சைத் தாங்கும் தன்மை எங்கே கிடைத்தது? விளைச்சலிற் புகழ்பெற்ற புதுவகைகளிலன்று. அல்ஜீரிய நாட்டுப் பழவகையாகிய சஹாராவில். வேருட் புகுந்த போரனை மீண்டும் வெளியே தள்ளும் மரபணு அவ்வகையில் ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாய் இருப்பதை 2007-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். நம் நாட்டிலும் உவரையும் களரையும் தாங்கும் கோ 43 என்னும் நெல் 1982-இல் கோயமுத்தூரிலிருந்து வெளிவந்தமை நினைக்கத்தக்கது.

இவற்றால் நாம் கொள்ளும் அபிப்பிராயம் இரண்டு. முதலாவது, மண்ணையும் நீரையும் சோதியாமல் வெங்காரம் இடுதல் கூடாது. 2015-இல் ஏற்பட்ட மண்வள அட்டையில் காட்டப்படும் பன்னிரண்டு குணங்களுள் போரனும் ஒன்று. அண்டைக் காட்டுக்காரருக்குப் பயன்பட்டது என்பதுகொண்டு அதனைத் தம் நிலத்தில் அள்ளித் தெளிப்பவர், பிணியில்லாத உடலுக்கு மருந்திடுபவரை ஒப்பர். இட்டதை எளிதில் திரும்பப் பெறவும் இயலாது. மற்ற உப்புகளினும் போரன் மண்ணைவிட்டு மெல்லவே கழுவப்படும்.

இரண்டாவது, பழவித்துக்களைக் கைவிடலாகாது. சித்தேரி மலையிலும் பென்னாகரத்துப் பக்கத்திலும் விளையும் சாமையும், கேழ்வரகும், கொள்ளும் விளைச்சல் குறைந்தவை என்று ஒதுக்கப்படுவதைக் காண்கிறோம். மூட்டைக் கணக்கு ஒன்றே வித்தின் பெருமையன்று. சஹாராவையும் அக்கணக்கால் அளந்து எறிந்திருந்தால், வேண்டியபோது அத்தன்மையைத் தேடிப் பெற இயலாது போயிருக்கும். எவ்வித்தினுள் எவ்வாற்றல் உறங்குகின்றதோ, அது வேண்டிய காலம் வருமுன் யார் அறிவார்?

தாங்கும் வகை கிடைத்துவிட்டால் நிலம் சீர்பட்டதாகாது என்பதையும் மறத்தலாகாது. நன்னீரால் கழுவுதலும் வடிகாலும் இன்றி மண்ணிலுள்ள நஞ்சு குறையாது. வித்து நமக்குக் காலத்தை ஈட்டித் தருமேயன்றி வேறன்று.

மாணவ அன்பர்களே, உங்களிற் பலர் உழவர் குடியிற் பிறந்தவர்கள். விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் உங்கள் காட்டு மண்ணிற் சிறிதும் கிணற்று நீரிற் சிறிதும் எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள். வீட்டுக் குதிரில் எஞ்சிய பழவித்து எதுவெனப் பெரியோரைக் கேட்டுப் பெயரும் குணமும் எழுதி வையுங்கள். அதில் ஒருபிடியையேனும் ஆண்டுதோறும் விதைத்துக் காப்பாற்றுங்கள். மண்ணுக்கேற்ற வித்தைத் தேர்ந்தளிப்பது, கற்றவர் தம் ஊருக்குச் செய்யத்தக்க சிறந்த பணிகளுள் ஒன்றென்பது நம் துணிபு.