எளிதில் முறியும் எலும்புகள்: குழந்தையின் வளைந்த காலுக்கு அறுவை சிகிச்சை எப்போது?

குளச்சல் வட்டாரத்தில் குழந்தைக்கு எலும்பு முறிந்தால் முதலில் ஆசானிடம் கட்டுப் போடும் வழக்கம் இன்றும் உள்ளது. சிறு தடுமாற்றத்திலும் எலும்பு மீண்டும் மீண்டும் முறியும் குழந்தைக்கு அது போதாது. அக்குழந்தைக்கு 'ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா' என்னும் மரபணு நோய் இருக்கக்கூடும். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு இந்நோய் காணப்படுகிறது. எலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் புரதம் குறைவாகவோ குறைபாட்டுடனோ உருவாவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். பெற்றோரின் கவனக்குறைவு அன்று.

கால் ஏன் வளைகிறது?

முறிந்த எலும்பு கூடிவிடும். ஆனால் கோணலாகக் கூடலாம். வளைந்த எலும்பின் மீது உடல் எடை விழும்போது அது மறுபடி முறிகிறது. ஒவ்வொரு முறையும் வாரக்கணக்கில் படுத்திருப்பதால் தசையும் எலும்பும் மேலும் நலிகின்றன.

அறுவை சிகிச்சை என்ன செய்கிறது?

வளைந்த எலும்பைச் சில இடங்களில் வெட்டி, நேராக அடுக்கி, உள்ளே உலோகக் கம்பி செலுத்துவர். அமெரிக்க மருத்துவர்கள் சோஃபீல்டு, மில்லர் ஆகியோர் 1959-இல் இம்முறையை விரிவாக வெளியிட்டனர். குழந்தை வளரும்போது, நீளாத கம்பி எலும்பின் முனை வரை எட்டாது. அங்கே மீண்டும் முறிவு நேரலாம். ஆகவே எலும்புடன் சேர்ந்து நீளும் ஃபாசியே-டுவால் போன்ற கம்பிகள் பயன்படுத்தப்படுகின்றன. அவையும் இடம் நகரலாம். மறு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். இச்சிகிச்சை நோயை நீக்காது; முறிவுகளைக் குறைத்து, நேரான காலில் நிற்கும் வாய்ப்பைத் தரும்.

மருந்து மட்டும் போதுமா?

தேசிய அரிய நோய்கள் கொள்கை 2021-இல் இந்நோய்க்குரிய பிஸ்பாஸ்போனேட் மருந்து சிகிச்சை குறிப்பிடப்பட்டுள்ளது. இம்மருந்து எலும்பின் அடர்த்தியைக் கூட்டும். ஏற்கெனவே வளைந்த எலும்பை நேராக்காது. ஆகவே வளைவு மிகுந்த குழந்தைக்கு மருந்து, அறுவை சிகிச்சை, இயன்முறைப் பயிற்சி ஆகிய மூன்றும் இணைந்து அமைய வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• முறிந்த இடத்தில் எண்ணெய் தடவி நீவாதீர்கள், இழுத்துக் கட்டாதீர்கள். காலை அசையாமல் தாங்கி, 108-ஐ அழையுங்கள்.

• ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பியல் மருத்துவரையும் குழந்தைகள் நல மருத்துவரையும் அணுகுங்கள். பழைய எக்ஸ்-ரே படங்கள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். நீளும் கம்பி பொருத்தும் உயர் சிகிச்சை மையத்துக்குப் பரிந்துரை தேவையா என்று கேளுங்கள்.

• குழந்தை பிடித்து எழுந்து நிற்க முயலும் பருவமே அறுவை சிகிச்சை பற்றி ஆலோசிக்க உரிய காலம். "இன்னும் வளரட்டும்" என்று நீங்களாகவே தள்ளிப்போடாதீர்கள்.

• முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் கொண்டு செல்லுங்கள். எச்செலவுகள் அதில் அடங்கும் என்பதை முன்னரே உறுதி செய்யுங்கள்.

• அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன் மரபணு ஆலோசனை பெறுங்கள். உறவுமுறைத் திருமணம் எனில் இது மிக அவசியம்.