நின்ற பிறகும் தணியாத சூடு

நெடுஞ்சாலை ஓரத்துத் தேநீர்க் கடை முன் லாரியைக் கொண்டுவந்து நிறுத்துகிற அனுபவசாலியான ஓட்டுநர், நின்ற மாத்திரத்தில் சாவியைத் திருப்பிவிடாமல், என்ஜினை இரண்டொரு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, அதன் பிறகே அணைத்துவிட்டு இறங்குவதைப் பிரயாணம் செய்கிறவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். வீணாக டீசலை எரிக்கிறாரே என்றுகூடத் தோன்றும். ஆனால் கிளீனராக இருந்த நாளிலேயே அவர் கற்றுக்கொண்ட அந்த வழக்கத்துக்குள், இன்று கார்ப் பிரியர்களிடையே நடக்கிற ஒரு விவாதத்துக்கு வேண்டிய நியாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பால் பேரிங் வைத்த டர்போவை வாங்குகிறவர், எண்ணெய் ஒன்றினாலேயே குளிர்வதை வாங்குவதா, எண்ணெயோடு நீரும் ஓடிக் குளிர்விப்பதை வாங்குவதா என்பதே விவாதம். சாலையில் ஓடுகிற வண்டிக்கு நீர் உள்ளதே தகும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

என்ஜின் கழித்துத் தள்ளும் புகையின் சக்தியைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் செலுத்தலாம் என்று கண்டு, ஸ்விட்ஸர்லாந்து எஞ்சினீயர் ஆல்ஃபிரட் பூகி 1905-ல் காப்புரிமை கோரினார். அதுவே டர்போ. அன்று தொட்டு அந்தத் தண்டின் சிரமம் மாறவில்லை. இன்றைய கார்களில் அது நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். பெட்ரோல் என்ஜினானால் 900 பாகை செல்ஸியஸைத் தாண்டும் புகை ஒரு முனையைச் சுட்டுக்கொண்டிருக்க, ஒரு சாண் நீளமே வரக்கூடிய அந்தத் தண்டின் நடுவே பேரிங்கும் எண்ணெயும் நிலை கெடாமல் இருக்க வேண்டும்.

பழைய முறையில் தண்டைத் தாங்குவது புஷ். தண்டு அதன் உலோகத்தைத் தொடாமல் எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்துகொண்டே சுழலும். அதற்கு எண்ணெய் நிறைய வேண்டும். நிறையப் பாய்கிற அந்த எண்ணெய், தாங்குகிற வேலையோடு சூட்டை அள்ளிக்கொண்டு போகிற வேலையையும் சேர்த்தே செய்துவிடும். பால் பேரிங்கிலோ தண்டு உருளும் குண்டுகளின் மேல் ஓடுவதால் உராய்வு குறைகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் டர்போ தாமதமின்றி வேகம் கொள்கிறது. குண்டுகளை நனைக்கச் சொற்ப எண்ணெய் போதும். மிகுந்தால் இடைஞ்சல் என்பதால், எண்ணெய் வரும் வழியில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் துவாரமுள்ள தடை ஒன்றை வைத்து வரத்தை அளவாக்குகிறார்கள். விளம்பரங்களைப் படிக்கிறவர்கள் கவனிக்கத் தவறுவது இவ்விடத்தைத்தான்: எண்ணெய் குறைந்தபோது, அது சுமந்து சென்ற சூட்டின் அளவும் கூடவே குறைந்துவிட்டது. பேரிங் உயர்ந்த ரகமாயிற்றே, குளிர்ச்சியைப் பற்றிக் கவலை எதற்கு என்று எண்ணுவது காரியத்தைத் தலைகீழாகப் பார்ப்பதாகும்; புஷ்ஷைவிடப் பால் பேரிங்குக்கே நீரின் துணை அதிகம் தேவை.

வண்டி ஓடுகிற வரையில் ஒருவாறு சமாளித்துவிடலாம். விபரீதம் தொடங்குவது சாவியைத் திருப்பிய பிறகு. எண்ணெய்ப் பம்ப் நின்றுவிட, புகை பட்டுப் பழுக்கக் காய்ந்த டர்பைன் பக்கமோ தன் உஷ்ணத்தை நடுப்பகுதிக்குள் அனுப்பிக்கொண்டே இருப்பதால், ஓடும்போது காணாத உச்ச உஷ்ணத்தைப் பேரிங் காண்பது வண்டி நின்று சில நிமிஷங்கள் கழித்துத்தான். 200 பாகைக்கு மேல் ஏற ஏற, அங்கே தேங்கிய எண்ணெய் கருகத் தொடங்குகிறது. லாரி ஓட்டுநர் என்ஜினைச் சற்று ஓடவிட்டது இதைத் தவிர்க்கத்தான். பட்டறை ஒன்றில் பிரித்து வைத்திருந்த ஒரு டர்போவை நான் பார்த்திருக்கிறேன். தண்டைச் சுற்றி அடிப்பிடித்த பாத்திரத்தில் இருப்பதைப் போன்ற கரி, நகத்தால் சுரண்டினாலும் பெயராதபடி இறுகிக் கிடந்தது. எண்ணெயை மட்டுமே நம்பிய டர்போக்களில் கண்ட இந்தக் கேட்டுக்குப் பரிகாரம் ஒன்றும் புதிதல்ல. கிரைஸ்லர் நிறுவனம் 1984-லேயே தன் 2.2 லிட்டர் டர்போ என்ஜினில் பேரிங் பகுதிக்கு நீர்ப் பாதை வைத்துவிட்டது.

நீரின் விசேஷம் என்னவென்றால், பம்ப் நின்ற பிறகும் அது சும்மா இருப்பதில்லை. உலையில் அடிநீர் சூடேறி மேலே வர, மேல்நீர் கீழே இறங்குவது போல, டர்போவுக்குள் சூடான நீர், அதாவது கூலன்ட், தானே மேலேறி வெளியே போக, அதன் ஸ்தானத்துக்குக் குளிர்ந்தது வந்து சேர்கிறது. நீர் நுழையும் ஹோஸ் தாழ்ந்த பக்கத்திலும் வெளியேறும் ஹோஸ் உயர்ந்த பக்கத்திலும் அமைந்து, போகும் வழி இடையில் பள்ளம் விழாமல் மேல்நோக்கியே சென்றால்தான் இந்த ஓட்டம் சரியாக நடக்கும். சில புதிய கார்களில் இதற்கென்றே சிறிய மின்சாரப் பம்ப் வைத்து, என்ஜின் நின்ற பிறகும் சற்று நேரம் ஓடவிடுகிறார்கள். வண்டியைப் பூட்டிவிட்டு நடக்கும்போது முன்பக்கத்திலிருந்து கேட்கிற மெல்லிய ஓசைக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

எண்ணெய் மட்டும் போதும் என்கிறவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத்தில் ஒரு வண்டியின் முழு ஓட்டமும் சில விநாடிகளே. மெத்தனாலில் ஓடுகிறவற்றில் புகையின் உஷ்ணமும் தணிந்திருக்கும். டர்போவை அடிக்கடி கழற்றிச் சோதிக்க ஆட்களும் உண்டு. அங்கே ஹோஸும் நீரும் வீண் பாரம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மைதானத்தின் நியாயத்தை, வெயில் காலத்தில் மலை ஏறி வந்து ஓட்டல் வாசலில் சட்டென்று அணைக்கப்படுகிற குடும்பக் காருக்குக் கொண்டுவருவது எவ்வாறு பொருந்தும்? ஹோஸ் அதிகமானால் ஒழுக்கும் அதிகமாகும் என்பது மற்றோர் ஆட்சேபம். ஒழுகுகிற ஹோஸைக் கண்ணால் கண்டு மாற்றிவிடலாம். உள்ளே படியும் கரி, தண்டு ஆட்டம் கண்டு நீலப் புகை வரும் வரையில் வெளியே தெரியாது.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. நீர் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட பால் பேரிங் டர்போவை வாங்கி வந்து, பொருத்துகிற அவசரத்தில் அதன் நீர்த் துவாரங்களை போல்ட்டும் வாஷரும் போட்டு அடைத்துவிட்டு, எண்ணெயே போதும் என்று சொல்லி வண்டியை ஒப்படைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகையால் பணத்தைக் கொடுக்குமுன் பானெட்டைத் திறந்து, டர்போவின் இருபுறமும் கூலன்ட் ஹோஸ் வந்து சேர்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். அடைத்திருந்தால் அன்றே கழற்றி ஹோஸ் போடச் சொல்ல வேண்டும்.