விலை சொல்லாமல் கையெழுத்துக் கேட்கும் கல்லூரிகள்

"அக்கா, நவம்பர் 1-க்குள்ள கையெழுத்துப் போடணுமாம். போட்டா சீட் கிடைக்க வாய்ப்பு அதிகமாம். போடட்டுமா?"

எங்கள் மாலை வகுப்பில் படித்து, இன்று அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் தங்கை ஒருத்தி கேட்டாள். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர்.

அவள் சொன்னது 'ஏர்லி டிசிஷன்' முறை. ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும் இப்படி விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்திட வேண்டும். டிசம்பர் நடுவில் முடிவு வரும்.

வழக்கமான முறையில் விண்ணப்பிப்பவருக்கு மார்ச் இறுதியில் முடிவுகள் வரும். எந்தக் கல்லூரி எவ்வளவு உதவித்தொகை தருகிறது என்று ஒப்பிட்டு, மே 1-க்குள் முடிவெடுக்கலாம். ஏழை மாணவர் கையில் இருக்கும் ஒரே பேரம் அந்த ஒப்பீடுதான். அதைப் பிடுங்கிக்கொண்டுதான் 'வாய்ப்பு அதிகம்' என்கிறார்கள். செலவைப் பற்றிக் கவலையில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை. அவருக்கு இது சலுகை, நமக்குச் சூதாட்டம்.

"உதவித்தொகை போதவில்லை என்றால் விலகிக்கொள்ளலாமே" என்பார்கள். விதியில் அப்படி இருப்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு போதும் என்று முதலில் கணக்குப் போடுவது கல்லூரி. போதாது என்று வாதாட வேண்டியது பதினேழு வயதுப் பிள்ளை. அதுவும் மற்ற கல்லூரிகளின் கடைசித் தேதி நெருங்கும் நேரத்தில்! வெளிநாட்டு மாணவர் என்றால் இன்னும் மோசம். ஹார்வர்ட், எம்.ஐ.டி. போன்ற சில இடங்களைத் தவிர, பெரும்பாலான கல்லூரிகள் சேர்க்கையின்போதே அவர்களின் பணவசதியையும் பார்க்கின்றன.

இது கல்லூரிகளுக்குத் தெரியாததா? 2006-இல் பிரின்ஸ்டனும் வர்ஜீனியா பல்கலைக்கழகமும் இந்த முறையைக் கைவிடுவதாக அறிவித்தன. வசதியுள்ளவர்களுக்கே இது சாதகம் என்பதுதான் காரணம். 2019-இல் வர்ஜீனியா அதையே மீண்டும் கொண்டுவந்தது. 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சமத்துவத்தின் பெயரால், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தியது. பணத்துக்கான இந்தக் குறுக்குவழியோ அப்படியே இருக்கிறது. இதற்குப் பெயர் மெரிட்டாம்!

நம் ஊர்க் கதையும் வேறல்ல. 2024-இல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் பெற்ற தலித் மாணவர், கடைசி நேரத்துக்குள் 17,500 ரூபாய் கட்ட முடியாமல் இடத்தை இழந்தார். தினக்கூலி வேலை செய்யும் அப்பா அந்தப் பணத்தைப் புரட்டி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் இடத்தை மீட்டார். தேர்வில் வென்ற பிள்ளையை அங்கே தேதியும் பணமும் சேர்ந்து வெளியே தள்ளின. இங்கே அதே இரண்டும் சேர்ந்து கையெழுத்துக் கேட்கின்றன.

முன்கூட்டியே உறுதி கேட்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் 'குவெஸ்ட்பிரிட்ஜ்' திட்டத்திலும் பல கல்லூரிகள் மாணவரைக் கட்டுப்படுத்தவே செய்கின்றன. ஆனால் அங்கே நான்கு ஆண்டுக்கான முழு உதவித்தொகை முன்கூட்டியே உறுதி செய்யப்படுகிறது. அதைத்தான் எல்லாரிடமும் கேட்கிறோம்: முதலில் பணத்தைச் சொல், பிறகு கையெழுத்தைக் கேள்.

தங்கையிடம் சொன்னேன்: "போடாதே. நாலு இடத்துக்கு விண்ணப்பி. நாலு கடிதத்தையும் மேசையில் வைத்து ஒப்பிடு. அப்புறம் நீ தேர்ந்தெடு."

தேர்ந்தெடுக்கும் உரிமை பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்து அல்ல, தோழர்களே.