பதில் சொல்ல ஆள் வேண்டும்

செயற்கை நுண்ணறிவு இன்று ஒருசில பெரிய கம்பெனிகளின் பிடியில் இருக்கிறது. கம்ப்யூட்டர்கள் அவர்களுடையவை, விலையை நிர்ணயிப்பவர்களும் அவர்களே. இந்த ஏகபோகத்துக்கு மாற்றாக, பிளாக்செயின் முறையில் பொது வலையமைப்புகள் சில தொடங்கப்பட்டுள்ளன. 2021-ல் தொடங்கிய பிட்டென்சர் அவற்றில் ஒன்று.

பதிவுக் கட்டணம் செலுத்தி எவரும் தமது கம்ப்யூட்டரை இதில் சேர்க்கலாம். கேள்விக்கு விடை தருவது, படம் தயாரிப்பது போன்ற வேலைகளைச் சிலர் செய்கின்றனர். தரத்தை வேறு சிலர் மதிப்பிடுகின்றனர். அதற்கேற்ப 'டாவ்' என்னும் நாணயம் கூலியாகக் கிடைக்கிறது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் நாணயங்களுக்கு மேல் வெளியிடுவதில்லை என்பது விதி. கணக்கு பல கம்ப்யூட்டர்களில் ஒரே சமயத்தில் பதிவாவதால், ஒருவர் ரகசியமாகத் திருத்திவிட முடியாது.

நோக்கம் வரவேற்கத்தக்கதே. ஆனால் முதலாளி இல்லாத ஸ்தாபனத்தில் கோளாறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது?

2024 ஜூலை 2-ந் தேதி இந்தக் கேள்வி எழுந்தது. பிட்டென்சரின் மென்பொருள் போலவே அமைந்த போலி ஒன்றை நம்பிச் சிலர் தங்கள் கம்ப்யூட்டர்களில் ஏற்றியிருந்தனர். அவர்களுடைய ரகசியச் சாவிகள் திருடு போயின. சுமார் 80 லட்சம் டாலர் பெறுமான நாணயங்கள் பறிபோயின. இதை உருவாக்கிய ஓபன்டென்சர் அறக்கட்டளையினர் உடனே பரிவர்த்தனைகள் அனைத்தையும் நிறுத்தி வைத்தனர். திருட்டைத் தடுக்க அது அவசியமாக இருந்திருக்கலாம். எனினும், எவர் கையிலும் அதிகாரம் இல்லை என்று கூறப்பட்ட இடத்தில், எல்லாவற்றையும் நிறுத்தும் அதிகாரம் ஒருசிலரிடம் இருந்தது அன்று வெட்டவெளிச்சமாயிற்று.

அதிகாரம் இருக்கட்டும். அது யாரிடம், எந்த அளவுக்கு என்பதைத் தொடக்க நாளிலேயே எழுதி வைக்க வேண்டும். தொடங்கியவர்களின் பங்கு எவ்வளவு, இழந்தவருக்கு ஈடு உண்டா என்பதையும் சொல்ல வேண்டும். சீட்டுப் பிடிப்பவரிடம்கூட ஏலத் தேதி, கமிஷன், ஜாமீன் எல்லாம் விசாரித்துத்தானே சேருகிறோம்!

மத்திய அரசுக்கும் இதில் கடமை உண்டு. 2022 பட்ஜெட்டில் இத்தகைய நாணயங்களின் லாபத்துக்கு 30 சதவிகித வரியும், விற்கும் தொகையில் 1 சதவிகிதப் பிடித்தமும் விதிக்கப்பட்டன. ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழித்துக்கொள்ளவும் இடமில்லை. வரி வாங்கும் அரசு, பணத்தைப் பறிகொடுத்தவர் முறையிட ஓர் இடத்தையும் ஏற்படுத்துவதே நியாயம்.

கம்ப்யூட்டர் படித்த நம் இளைஞர்கள் இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும். உழைத்துக் கூலியும் பெறட்டும். ஆனால் பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்தவர்கள், ஊருக்கு அனுப்பவேண்டிய பணத்தையோ பிராவிடண்ட் பண்டிலிருந்து எடுத்த தொகையையோ இத்தகைய நாணயங்களில் போடுமுன், நாளை ஒரு தவறு நேர்ந்தால் யார் வாசலில் போய் நிற்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். திருப்தியான பதில் வராதவரை பணம் பெட்டியிலேயே இருப்பது நல்லது.