இல்லாத ஊருக்கு வடாம்

எங்கள் எதிர்வீட்டு மாமியின் வடாத்தைத் தின்றவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தின்னாதவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை. பல வருஷங்களாக மொட்டை மாடியில் பிழிந்து, தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்று வந்த மாமிக்குப் போன கோடையில் ஒரு யோசனை உதித்தது. தங்கை பிள்ளை கம்ப்யூட்டர் படித்தவன். அவனைக் கொண்டு ஓர் ஆன்லைன் கடை போட்டால் என்ன?

பையன் பத்தே நாளில் கடையைக் கட்டி முடித்தான். திறப்பதற்கு முந்திய வாரம் மாமி எனக்குச் சொல்லியனுப்பினாள். போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டர் முன்னால் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் ஐந்நூறு வாடிக்கையாளர்கள்! கரூரில் ஒருவர் நாற்பது பாக்கெட் ஜவ்வரிசி வடாம் கேட்டிருக்கிறார். தஞ்சாவூரில் ஓர் அம்மாள் ஊறுகாயை வாங்கி, திருப்பி அனுப்பி, மறுபடியும் வாங்கியிருக்கிறாள்.

"யாருடா இவாளெல்லாம்? கடையே இன்னும் திறக்கலையேடா!" என்றாள் மாமி.

"ஒருத்தருமே இல்லை, பெரியம்மா. எல்லாம் நான் பண்ணின ஆட்கள்" என்றான் பையன், வெகு நிதானமாக.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக் கொலுவில் செட்டியார் கடை வைப்பீர்கள் அல்லவா? செட்டியாரும் ஆச்சியும் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே சின்னச் சின்னக் குவியலாக அரிசி, துவரம் பருப்பு, உப்பு. பையன் செய்ததும் ஏறக்குறைய அதுதான். அவன் பண்ணியது வாங்க வருகிற பொம்மைகள், அவ்வளவே வித்தியாசம். காலிக் கடையை வைத்துக்கொண்டு எதையும் சோதிக்க முடியாதாம். பத்து ஆர்டருக்கு ஒழுங்காக வேலை செய்யும் பக்கம் ஐந்நூறு ஆர்டருக்கு நொண்டுகிறதா? கடைசிப் பாக்கெட்டை இரண்டு பேர் ஒரே சமயத்தில் கேட்டால் என்ன ஆகும்? தள்ளுபடிக் கணக்கு சரியா? இதற்கெல்லாம் கூட்டம் வேண்டும். ஐந்நூறு பெயரைக் கையால் எழுதிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? ஆகவே பெயர் ஒரு டப்பா, தெரு ஒரு டப்பா, ஊர் ஒரு டப்பா, சரக்கு ஒரு டப்பா என்று வைத்துக் குலுக்கி எடுக்கச் சொல்கிறார்கள். இந்தக் குலுக்கல் வேலைக்கென்றே 'ஃபேக்கர்' என்ற இலவச ஸாப்ட்வேர் இருக்கிறது.

இந்தக் குலுக்கலில் ஒரு வேடிக்கை உண்டு. குலுக்குமுன் 'விதை' என்று ஓர் எண்ணைக் கொடுப்பார்கள். மாமி 108 கொடுக்கச் சொன்னாள். நாளைக்கு அதே 108-ஐக் கொடுத்தால் அதே ஐந்நூறு பேர் அதே வரிசையில் வந்து நிற்பார்கள்! 317-வது ஆசாமி வந்தபோது கடை படுத்துவிட்டது என்றால், மறுபடியும் அவரை வரவழைத்துக் காரணம் கண்டுபிடிக்கலாம் அல்லவா? கம்ப்யூட்டர் இப்படிக் கைக்கு வராத நாளில், 1955-ல், அமெரிக்காவில் ராண்ட் கார்ப்பரேஷன் குலுக்கி எடுத்த பத்து லட்சம் இலக்கங்களை ஒரு புத்தகமாகவே போட்டது. நம் மளிகைக் கணக்கு நோட்டு அதைவிட விறுவிறுப்பாக இருக்கும்.

ஆனால் குலுக்கலுக்குப் புத்தி கிடையாது. மதுரைக்காரர் ஒருவருக்கு 1-ல் தொடங்கும் பின்கோடு கொடுத்திருந்தது. தமிழ்நாட்டுப் பின்கோடு 6-ல் அல்லவா ஆரம்பிக்க வேண்டும்? முதல் எண் 1 என்றால் டில்லிப் பக்கம். கூரியர் கட்டணம் எங்கேயோ போய்விட்டது.

அதைக்கூடத் திருத்திவிடலாம். எனக்குக் கவலை தந்தது வேறு விஷயம். அந்த ஐந்நூறு பேரும் அநியாயத்துக்கு ஒழுங்காக இருந்தார்கள். எல்லோருக்கும் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டிரண்டு. எல்லோர் வீட்டுக்கும் ஒரே ஒரு கதவு எண். இப்படி ஓர் ஊர் பூமியில் உண்டா? "மாமி, உங்கள் பெயரையே போட்டுப் பாருங்களேன்" என்றேன். மாமி தன் பெயரை மட்டும் எழுதினாள். 'குடும்பப் பெயர் தேவை' என்று சிவப்பு எழுத்தில் கடை அதட்டியது. தான் திறக்கப்போகும் கடையில் தானே நுழைய முடியவில்லை! முகவரியில் 'புதிய எண் 27, பழைய எண் 14' என்று எழுதினாள். சென்னையில் இப்படி எழுதாவிட்டால் தபால்காரருக்கே திண்டாட்டம். கடை அதையும் ஒப்பவில்லை.

தமிழில் பெயர் எழுதினால் இன்னொரு சங்கடம். 'மீனாட்சி' நமக்கு நாலு எழுத்து. கம்ப்யூட்டரோ உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி அதை எட்டு என்கிறது. பெயருக்கு இருபது எழுத்து என்று கட்டம் போட்டிருந்தால், நீளப் பெயர்க்காரர்கள் பாதியில் வெட்டுப்படுவார்கள். பையன் தலையைச் சொறிந்துகொண்டு, இனிஷியல் உள்ளவர், இல்லாதவர், 'பிள்ளையார் கோயிலை ஒட்டிய சந்து' என்று விலாசம் எழுதுகிறவர் எல்லோரையும் டப்பாவில் சேர்த்தான்.

பணம் கட்டிப் பார்க்கக்கூடப் பொம்மைக் கார்டு உண்டு. 4-ஐ எழுதி, பின்னால் பதினைந்து ஒன்று போட்டால் சோதனைக் கார்டு தயார். சும்மா எழுதின எண் அல்ல அது. முதல், மூன்றாம், ஐந்தாம் என்று ஒன்று விட்டு ஒன்றை இரட்டியுங்கள்: ஓர் எட்டும் ஏழு இரண்டும் வரும். அந்த 22-உடன் மீதி எட்டு ஒன்றுகளையும் கூட்டினால் 30. பத்தால் மீதியில்லாமல் வகுபட்டால் எண் சரி. இரட்டித்து 14, 16 என்று வந்தால் அந்த இரண்டு இலக்கத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஐ.பி.எம்.மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1960-ல் பேடண்ட் பெற்ற தந்திரம் இது. உங்கள் பதினாறு இலக்கக் கார்டிலும் போட்டுப் பாருங்கள். எண்ணை மட்டும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே பார்த்தோம். அன்று சாயங்காலம் மாமிக்கு ஒரு போன் வந்தது. வயதான அம்மாள்; குரல் நடுங்கியது. "உங்கள் பார்சல் புறப்பட்டுவிட்டது" என்று அவளுக்கு வாட்ஸப் வந்திருக்கிறதாம். அவள் ஒன்றும் வாங்கவில்லை. பார்சல் பெயரைச் சொல்லிப் பாங்குப் பணத்தைச் சுருட்டுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். "என் பணம் போய்விட்டதா? மத்தியானம் சாப்பிடக்கூட இல்லை, அம்மா!" என்று அழுதுவிட்டாள்.

நடந்தது இதுதான்: ஆட்கள் பொம்மை, போன் நம்பர் பொம்மை இல்லை. 9-ல் ஆரம்பித்துக் குருட்டாம்போக்கில் பத்து இலக்கம் எழுதினால், அது யாராவது ஒருவர் வீட்டில் மணியடிக்கும். பையனோ செய்தி அனுப்பும் வேலையை நிறுத்தி வைக்க மறந்துவிட்டான்.

மாதிரிதானே என்று அலட்சியமாக இருப்பது இன்று நேற்றைய வழக்கமல்ல. 1938-ல் அமெரிக்காவில், நியூயார்க் மாகாணத்தின் லாக்போர்ட் ஊரில் பர்ஸ் செய்யும் கம்பெனி ஒன்று, பர்ஸுக்குள் மாதிரிக்காக ஒரு சமூகக் காப்பு அட்டையை வைத்தது. எண்ணுக்கு எங்கே போவது? ஆபீஸில் காரியதரிசியாக இருந்த பெண்மணியின் நிஜ எண்ணையே அச்சடித்துவிட்டார்கள். 'மாதிரி' என்று மேலே போட்டும் என்ன? உல்வொர்த் கடைகளில் பர்ஸ் வாங்கினவர்களில் பலர் அதைத் தங்கள் எண் என்றே நினைத்துக்கொண்டார்கள். 1943-ல் மட்டும் 5,755 பேர் அதை உபயோகித்தார்கள். மொத்தத்தில் 40,000 பேருக்கு மேல்! எண்ணுக்குச் சொந்தக்காரி வீட்டு வாசலில் எப்.பி.ஐ. வந்து நின்றது. கடைசியில் சர்க்கார் அந்த எண்ணை ரத்து செய்து, அவளுக்கு வேறு எண் கொடுத்தது.

மாமி பையனைப் பிடித்துக்கொண்டாள். அவன், "அப்படியானால் உங்கள் பழைய நோட்டிலிருக்கிறவர்களையே ஏற்றிவிடட்டுமா? தெரிந்தவர்கள், பயப்பட மாட்டார்கள்" என்றான்.

"அவாளெல்லாம் வடாம் வாங்க நம்பர் கொடுத்தாளா, நீ விளையாடக் கொடுத்தாளா?" என்றாள் மாமி. 2023-ல் நம் பார்லிமெண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்று சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. அதைப் படிக்காமலே மாமி கேட்ட கேள்வி இது.

உங்களில் வீட்டோடு வியாபாரம் தொடங்குகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். கடை கட்டித் தருகிறவரிடம், "சோதனைச் செய்தியெல்லாம் யாருக்குப் போகிறது?" என்று கேட்டுவிடுங்கள். மின்னஞ்சலுக்கு வழி இருக்கிறது. 'எக்ஸாம்பிள் டாட் காம்' என்ற விலாசத்தை 1999 முதல் உதாரணத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். யார் வீட்டுக் கதவையும் அது தட்டாது. போனுக்கு, சோதனை முடியும்வரை எல்லாச் செய்தியும் உங்கள் நம்பருக்கே வரும்படி செய்யச் சொல்லுங்கள். பையன் அப்படித்தான் செய்தான். இரண்டு நாள் மாமியின் போன் ஓயாமல் கூவிற்று. அது அவனுக்குத் தண்டனையா, மாமிக்கா என்பது தெரியவில்லை.

அந்த அம்மாளுக்கு மாமியே போன் செய்து, பணம் பத்திரமாக இருக்கிறது என்று பாஸ்புத்தகத்தைப் பார்க்கச் சொல்லி, அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தாள்.

திறப்பு நாளன்று பையன் ஐந்நூறு பேரையும் அழித்தான். "தஞ்சாவூர்க்காரியையுமா?" என்றாள் மாமி. விற்பனை ஒரே நொடியில் பூஜ்யத்துக்கு இறங்கியது. மத்தியானம் வரை ஈ காக்கை இல்லை. மூன்று மணிக்கு 'டிங்' என்று ஒரு சத்தம்.

"இருக்கிறவாளா, இல்லாதவாளா, பாருடா!"

பையன் குனிந்து பார்த்தான். ஒரே பெயர்; இனிஷியல் கிடையாது. திருநெல்வேலி, பின்கோடு 6-ல் ஆரம்பம். கீழே ஒரு குறிப்பு: 'காரம் கொஞ்சம் குறைத்துப் போடவும், வீட்டில் குழந்தை இருக்கிறது.'

"இருக்கிறவர்தான், பெரியம்மா" என்றான்.